ஊசி தாவவில்லை

“அந்தப் பாட்டுத் தட்டை மறுபடி போடுங்க சார். இந்தத் தடவை கடைசிவரைக்கும் ஓடணும்.”

மகள் வாயைத் திறந்ததுமே அம்மாவின் விரல்கள் அவள் கைச் சதையைப் பிடித்துத் திருகின. பேருந்தை விட்டு இறங்கும்போதுகூடப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்: “வேலை கேட்டுப் போறோம். கேட்டதுக்குப் பதில் சொல்லு, தலையை ஆட்டு. பாட்டு போடுங்கன்னு மட்டும் கேட்டுடாதடி, உனக்குப் புண்ணியமாப் போகும்.”

அதற்கு ஒரு பழைய கதை உண்டு. அம்மா வேலை செய்த வீட்டில், பெரியவர் தினமும் காலையில் ரேடியோகிராமைத் திறப்பார். வயிற்றுக்குள் வானொலியும் இசைத்தட்டுச் சுழலியும் வைத்த பெரிய மரப்பெட்டி அது. முதல் சரணம் முடிகிற நேரத்துக்கு அம்மா துடைப்பத்தோடு கூடத்தில் கால் வைப்பாள். உடனே அவர் ஊசியைத் தூக்கிவிடுவார். வேலைக்காரி நடந்தால் பலகைத் தரை அதிரும், அதிர்ந்தால் ஊசி தாவும், தாவினால் தட்டில் கீறல் விழும் என்பது அந்த வீட்டுச் சட்டம். பள்ளி விடுமுறையில் கூடப் போயிருந்த மகள், “ஏன் தாத்தா நிறுத்திட்டீங்க? முழுசாப் போடுங்க” என்று ஒருநாள் கேட்டுவிட்டு, வீடு வரும்வரை அம்மாவிடம் அடி வாங்கினாள்.

இப்போது பெரியவர் இல்லை. அம்மாவுக்கும் முட்டி தேய்ந்து வேலை நின்றுவிட்டது. பெரியவரின் மகன், அம்மா வாயில் என்றைக்கும் ‘சின்னவர்’, அந்தப் பெட்டியையும் தட்டுகளையும் கொண்டுவந்து கடை போட்டிருந்தார். கடையா அது, காட்சிசாலை! விரல் விட்டுச் சுழற்றும் தொலைபேசி, குழாய் வாய் கிராமபோன், பொத்தானை அழுத்தினால் வண்ண விளக்கோடு பாடும் ஜூக்பாக்ஸ். மூலையில் ஒரு கண்ணாடிக் கூண்டு. உள்ளே நின்று பாடினால், பாடியதைச் சின்னத் தட்டில் செதுக்கிக் கையில் கொடுக்கும். கடையைக் கவனிக்க ஒரு படித்த பெண் வேண்டும் என்றதும், அம்மா சின்னவரின் கையைக் காலைப் பிடித்து மகளுக்குக் கேட்டு வைத்திருந்தாள். மகள் வாங்கிய, அவர்கள் குடும்பத்தின் முதல் பட்டம் ஒரு வருடமாக வீட்டில் சும்மா இருந்தது.

அவர்கள் நுழைந்தபோது ரேடியோகிராமில் ஓடிக்கொண்டிருந்தது அதே பழைய தட்டு. ‘விளக்கேற்றி வைத்தேன் படகே, வழி தெரியவில்லையா’ என்று ஒருத்தி கரையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். சின்னவர் திரும்பி அம்மாவைப் பார்த்தார். “வாங்கம்மா” என்றது வாய். கை தன்பாட்டுக்குப் போய் ஊசியைத் தூக்கியது. தூக்கியது அவருக்கே தெரியவில்லை. மகளுக்குத் தெரிந்தது. அப்போதுதான் அவள் வாயைத் திறந்து, தட்டை மறுபடி போடச் சொன்னாள்.

“பாட்டா? அப்புறம் கேக்கலாமே” என்றார் சின்னவர். “பழைய தட்டு. ஆள் நடந்தா...”

“அங்க பாருங்க சார்.” ஜூக்பாக்ஸ் பக்கம் கையைக் காட்டினாள். ஒரு கல்லூரிக் கும்பல் அங்கே ஆடித் தீர்த்துக்கொண்டிருந்தது. “இவ்வளவு நேரமும் அவங்க குதிச்சாங்க, ஊசி தாவல. தரையும் சிமெண்ட்டு. எங்க அம்மா செருப்பைக் கழட்டிட்டு வந்து நின்னா மட்டும் தாவுமா?”

கும்பல் ஆட்டத்தை நிறுத்தியது. யாரோ ஜூக்பாக்ஸை அணைத்தார்கள். சின்னவரின் முகம் கறுத்தது. தன் கையையே ஒருதரம் பார்த்துக்கொண்டார். பிறகு ஊசியைத் தட்டின் விளிம்பில் வைத்தார்.

பல்லவி போயிற்று. முதல் சரணம் போயிற்று. அதைத் தாண்டியும் பாட்டு ஓடியது. அம்மா தூணைப் பிடித்துக்கொண்டாள். இரண்டாம் சரணத்தில் விளக்கு அணைந்தது, படகு வரவில்லை, பாடினவள் கரையிலேயே உட்கார்ந்து அழுதாள். தட்டு கரகரத்து நின்றது.

“அவ்வளவுதானா?” என்றாள் அம்மா.

“அவ்வளவுதாம்மா” என்றார் சின்னவர்.

“அட, இதுக்கா காலமெல்லாம் காதைத் தீட்டிக்கிட்டுக் கிடந்தேன்? அழுதுக்கிட்டு அங்கேயே உக்காந்துட்டாளா, கூறு கெட்டவ!”

கும்பல் கொல்லென்று சிரித்தது. மகளும் சிரித்தாள். அவளுக்குத் தெரிந்த முடிவு வேறு. கேட்காத மீதியை அம்மாவே கட்டி, பாத்திரம் துலக்கும்போதெல்லாம் பாடுவாள். தட்டிலும் அதுதான் இருக்கிறது என்று மகள் ரொம்ப நாள் நம்பியிருந்தாள்.

“உன்னோடதைப் பாடும்மா.”

“போடி, நாலு பேர் முன்னால மானத்தை வாங்காத.”

“பாடுங்க ஆன்ட்டி!” என்று கும்பல் கூண்டின் கதவைத் திறந்து பிடித்தது.

கண்ணாடிக்குள் அம்மா முந்தானையைச் செருகிக்கொண்டாள். கூண்டின் ஒலிபெருக்கி வழியே கடை முழுக்க அவள் குரல் வந்தது. கொஞ்சம் கரகரப்பு, ஆனால் பிசிறில்லை.

‘கட்டிய கயிற்றை நானே அவிழ்த்தேன்,
துடுப்பும் என் கைக்குத் தெரியும்.
நீ வரும் வழியில் நானே வருவேன்,
விளக்கை நீ ஏற்றி வை.’

கைத்தட்டலில் அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. சூடு ஆறாத சின்னத் தட்டு அம்மாவின் கைக்கு வந்தது.

சின்னவர் உண்மையாகவே அசந்துபோயிருந்தார். “பிரமாதம்! இதைச் சட்டம் போட்டுச் சுவர்ல மாட்டலாம். கீழே, ‘எங்க வீட்டு வேலைக்காரம்மா பாடியது’ன்னு எழுதிடலாம். பாப்பா, நீ திங்கக்கிழமையே வந்துடு.”

அம்மா தட்டை மார்போடு அணைத்தாள். “ஓட்டாம மாட்டி வைக்கிறதுக்கு இது என்ன காலண்டரா தம்பி? எங்க வீட்டுக்குப் பாட்டுப் பெட்டி வர்றப்போ ஓடட்டும்.”

தம்பி! அந்தச் சொல் அம்மாவின் வாயிலிருந்து அவரை நோக்கி வந்தது அன்றைக்குத்தான். சின்னவர் திகைத்துத் தலையாட்டினார்.

“சரி, திங்கக்கிழமை?” என்றார் மகளிடம்.

“அவருக்குப் பதில் சொல்லுடி” என்று அம்மா கிசுகிசுத்தாள்.

சின்னவரின் கை ஊசியைத் தூக்கிய கணத்திலேயே, இந்த வேலை வேண்டாம் என்று மகள் முடிவு செய்திருந்தாள். ரேடியோகிராம் பக்கம் போய், தானே ஊசியை எடுத்துத் தட்டில் வைத்தாள். பிறகு அம்மாவின் தோளில் கை போட்டு, தரை அதிர அதிரக் காலை ஊன்றி, வாசலைப் பார்த்து நடந்தாள்.