செல்லாத ஓட்டு முப்பத்தொண்ணு

ஓட்டு இங்கிலாந்தில். ரெத்தினத்தின் தாடை உடைந்தது மட்டும் இங்கே, கும்பகோணத்துக்குத் தெற்கே, டீக்கடை வாசலில், காலை ஒன்பது மணிக்கு.

பத்துப் பேர் பார்க்க, பஞ்சநதத்தின் ஆட்கள் இரண்டு பேர் உருட்டுக்கட்டையால் அடித்தார்கள். விழுந்தவனைத் தூக்கி உட்காரவைத்து மறுபடியும் அடித்தார்கள். அவன் பல் இரண்டு பெஞ்சுக்குக் கீழே கிடந்தது. அவன் செய்த குற்றம் ஒன்றே ஒன்றுதான். "என் தம்பி யாருக்குப் போடுவான்னு எனக்கு எப்படிங்க தெரியும்?" என்று பஞ்சநதத்திடம் கேட்டுவிட்டான். கேட்கலாமா? பஞ்சநதம் ஊரில் பாதி நிலத்துக்குச் சொந்தக்காரர். பம்புசெட் அஞ்சும் அவருடையது. அவர் சுவிட்சைப் போட்டால்தான் கோடைப் பயிருக்குத் தண்ணீர்.

பால் வாங்கப் போயிருந்த அகிலாண்டம் அத்தனையையும் பார்த்தாள். பால் வாங்காமலே வீட்டுக்குத் திரும்பினாள். அடுத்தது தன் வீடுதான் என்று அவளுக்குத் தெரியும்.

விஷயம் இதுதான். பஞ்சநதத்தின் மகன் ராஜ்குமாருக்கு இங்கிலாந்தில் ஒரு ஊரில் மூன்று மளிகைக்கடை. அங்கே கவுன்சிலர் தேர்தலில் சுயேச்சையாக நிற்கிறான். நம் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு அங்கே குடியிருக்கிறவனுக்கும் ஓட்டு உண்டாம், வெள்ளைக்காரனுக்கு அவ்வளவு பெரிய மனசு. அந்த வார்டில் நம் பக்கத்து அஞ்சு ஊர்ப் பிள்ளைகள் முப்பத்தெட்டுப் பேர். போன தடவை ராஜ்குமார் பதினோரு ஓட்டில் தோற்றான். இந்தத் தடவை அந்த நகரசபையில் பெரிய கட்சி இரண்டும் சரிசமமாக நிற்கின்றன. ராஜ்குமார் ஜெயித்தால் அவன் எந்தப் பக்கம் சாய்கிறானோ அந்தப் பக்கம்தான் ஆட்சி. "ரெண்டு பக்கமும் கூட்டணி பேச ஆள் அனுப்பியாச்சு. துணை மேயர் பதவி கேட்டிருக்கான் எம்புள்ள" என்று பஞ்சநதம் போகிற வருகிறவனையெல்லாம் நிறுத்திச் சொன்னார்.

அங்கே போய் ஓட்டுக் கேட்க அவருக்கு ஏது வழி? இங்கேயே கேட்டார். ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு, அங்கே பிள்ளை இருக்கிற வீடு ஒவ்வொன்றாக ஏறி இறங்கினார். அப்பன், ஆத்தா, அண்ணன், பெண்டாட்டி என்று யார் இருந்தாலும் உட்காரவைத்துக் கேட்டு, பேருக்கு நேராக எழுதிக்கொண்டார். 'நம்ம ஆளு', 'எதிரி', 'வாயத் தொறக்கல.' ரெத்தினம் பல் போன மறுநாள் எதிரி எல்லோரும் நம்ம ஆளாகிவிட்டார்கள். அகிலாண்டத்தின் மகன் செம்மொழி பேருக்கு நேரே மட்டும் 'வாயத் தொறக்கல' என்று இருந்தது.

அவள் எப்படித் திறப்பாள்? செம்மொழியை அங்கே கூட்டிப்போனவனே ராஜ்குமார்தான். எட்டு மாதம் கடையில் மாடாக உழைத்துவிட்டு, பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கேட்டான் செம்மொழி. கறி வைக்கும் குளிர் அறையின் இரும்புக் கதவில் அவன் வலது கையை வைத்து அழுத்தி மூடினான் ராஜ்குமார். இரண்டு விரல் இன்றைக்கும் மடங்காது. இப்போது வேறு இடத்தில், ஆஸ்பத்திரிச் சலவையறையில் வேலை. அகிலாண்டம் மகனிடம் ஒரே ஒரு சொல்தான் சொல்லியிருந்தாள். "எவனுக்கு வேணா போடு. உன் கைய ஒடிச்சவனுக்கு அந்தக் கையால போட்டியோ, நான் உன் ஆத்தா இல்ல."

"போட மாட்டேம்மா. சத்தியம்" என்றான்.

தபால் ஓட்டுச் சீட்டு வீட்டுக்கே வருமாம் அங்கே. அதைக் கேட்டதும் பஞ்சநதத்துக்குக் குஷி தாங்கவில்லை. சீட்டு வந்ததும் வீடியோவில் கூப்பிட்டு, அவர் பார்க்கப் பார்க்க ராஜ்குமார் பேருக்கு நேரே கிராஸ் போட வேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் போய் உட்கார்ந்து, கிராஸைக் கண்ணால் பார்த்து, நோட்டில் டிக் அடித்துக்கொண்டு எழுந்தார். ஏப்ரல் கடைசிக்குள் முப்பத்தேழு டிக். செம்மொழி மட்டும் போனையே எடுக்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை டிராக்டரோடு வந்தார்கள். அகிலாண்டம் பஞ்சநதத்திடம் குத்தகைக்குப் பிடித்த ஆறு மா நிலத்தில் நெல் பழுத்து நின்றது. இன்னும் பத்து நாளில் அறுப்பு. ஓட்டிவந்தவன் துரைராசு. அவன் தம்பியும் அந்த நோட்டில் டிக் வாங்கியவன்தான். பின்னால் ரோட்டவேட்டர் மாட்டியிருந்தது. பஞ்சநதம் வரப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் இரண்டு பேர், கையில் உருட்டுக்கட்டை.

"கூப்புடு உன் மவன."

"எடுக்க மாட்டேங்குறான் ஐயா."

"எடுக்குற வரைக்கும் ஓட்டுறா துரைராசு."

டிராக்டர் வயலில் இறங்கியது. கதிரும் தாளும் மண்ணோடு சுருண்டு பின்னால் விழுந்தன. தொண்ணூறு நாள் பாடு, போகிற போக்கில் சேறாகிறது. அகிலாண்டம் ஓடிப்போய் டிராக்டருக்கு முன்னால் நின்றாள். துரைராசு பிரேக் போட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

"நீயெல்லாம் சோறுதான் திங்கிறியாடா?" என்று கேட்டாள்.

கட்டைக்காரர்கள் அவளை முடியைப் பிடித்து வரப்புக்கு இழுத்துவந்தார்கள். அவள் போனிலிருந்தே மறுபடி கூப்பிட்டார்கள். இரவு வேலை முடித்து அறைக்கு வந்திருந்த செம்மொழி, அம்மா என்று நினைத்து எடுத்தான். திரையில் அவன் பார்த்தது சேற்றில் மண்டியிட்ட அம்மாவை.

"சீட்ட எடுத்துட்டு வா தம்பி" என்றார் பஞ்சநதம். குரலில் அவ்வளவு மரியாதை.

"போடாதடா" என்றாள் அகிலாண்டம். "வயல் போனா போவுது. போடாத."

பஞ்சநதம் தலையை ஆட்டினார். ஒருவன் அவள் வலது கையை வரப்பின் மேல் நீட்டிப் பிடித்தான். மற்றவன் முழங்கைக்குக் கீழே கட்டையை இறக்கினான். முதல் அடியில் ஒடியவில்லை. இரண்டாவது அடியில் ஒடிந்தது. அந்தச் சத்தம் போனிலும் கேட்டிருக்க வேண்டும், செம்மொழி அங்கே மிருகம் மாதிரிக் கத்தினான். மூன்றாவதுக்குக் கட்டை ஓங்கும்போது, "போடுறேன், போடுறேன், விட்டுடுங்க ஐயா" என்று சீட்டைத் திரைக்கு முன்னால் தூக்கிப் பிடித்தான். மடங்காத விரலோடு பேனாவைப் பிடித்துக் கிராஸ் போட்டான். பஞ்சநதம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். முப்பத்தெட்டாவது டிக்.

அகிலாண்டத்துக்குக் கை வலிக்கவே இல்லை. மகன் கெஞ்சியதுதான் வலித்தது. கட்டுப் போட்டுக்கொண்டு வந்த பிறகும் மகனோடு அவள் பேசவில்லை. அவன் நாளைக்கு நாலு தடவை கூப்பிட்டான். எடுக்கவில்லை.

மே மாதம் முதல் வாரம் முடிவு வந்தது. பஞ்சநதம் ஆயிரம் வாலா வெடியும் ஆட்டுக்கறியுமாகத் தயாராக இருந்தார். ராஜ்குமார் ஒன்பது ஓட்டில் தோற்றான்.

தோற்றதைவிடப் பெரிய அடி ஒன்று இருந்தது. எண்ணி முடித்ததும் செல்லாத ஓட்டையும் மைக்கில் படிப்பார்களாம் அங்கே. ஒருவருக்குப் போட வேண்டிய இடத்தில் இரண்டு பேருக்குப் போட்டுச் செல்லாமல் போன ஓட்டு, முப்பத்தொண்ணு.

பஞ்சநதத்துக்கு இது தோன்றவே இல்லை. இத்தனை வருடமாகப் பட்டனை அமுக்கி 'பீப்' சத்தம் கேட்டதும் முடிந்தது என்று பழகிய ஆள். காகிதம் உறையில் ஒட்டுகிற வரைக்கும் போட்டவன் கையில்தான் இருக்கும் என்பதை மறந்தே போனார். போனை வைத்ததும் பயல்கள் ஒவ்வொருவனும் தனித்தனியாக, அடுத்தவனிடம் மூச்சுக்கூட விடாமல், இன்னொரு பேருக்கு நேரேயும் ஒரு கிராஸ் போட்டு ஒட்டி அனுப்பியிருக்கிறான். தான் ஒருத்தன்தான் துணிந்தவன் என்று முப்பத்தொரு பேரும் நினைத்திருந்தார்கள். எண்ணிக்கையைக் கேட்ட பிறகுதான் ஊருக்கே தெரிந்தது, மொத்தம் எத்தனை பேர் என்று.

அகிலாண்டம் பூரித்துப்போனாள். என் பிள்ளை என் பிள்ளைதான் என்று தானே போன் போட்டாள்.

"நீயும்தானடா? ரெண்டாவது கிராஸு?"

அந்தப் பக்கம் அழுகை.

"இல்லம்மா. நான் போடல. அவருக்கு எப்படியாச்சும் தெரிஞ்சு உன் இன்னொரு கையையும் ஒடிப்பாரோன்னு பயந்துட்டேன். அப்படியே ஒட்டி அனுப்பிட்டேன். முப்பத்தொரு பய போட்டிருக்கான். நான்தாம்மா போடல."

அவள் போனை வைத்தாள். கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. யாருக்கு விரல் போனதோ அவன் ஓட்டே ராஜ்குமாருக்குச் சுத்தமாக விழுந்திருக்கிறது.

அன்று மத்தியானமே பஞ்சநதம் அரிவாளோடு தெருவில் இறங்கினார். கூட ஆள் யாரும் இல்லை, எண்ணிக்கையைக் கேட்டதுமே கட்டைக்காரர்கள் இரண்டு பேரும் ஊரைவிட்டே போய்விட்டார்கள். முப்பத்தொண்ணு யார் யாரென்று அவருக்குத் தெரியாது. ஒரே ஒரு பேர்தான் அவருக்கு நிச்சயம். நேராக அகிலாண்டத்தின் வாசலுக்கு வந்தார்.

"ஊரு பூரா தூண்டிவிட்டது உன் மவன்தானடி? சொல்லு. அவன் போட்டானா இல்லியா?"

தெருவில் எல்லா வீட்டுக் கதவும் திறந்திருந்தது. ரெத்தினம் தாடையில் கட்டோடு எதிர் வாசலில் நின்றான். துரைராசு டிராக்டரை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். இல்லை என்று ஒரு வார்த்தை போதும். அது உண்மையும்கூட. மகன் பேர்மேல் சத்தியம் செய்தே சொல்லலாம்.

அகிலாண்டம் படியிறங்கி வந்தாள்.

"ஆமா. எம்மவன்தான் போட்டான். முத ஆளா போட்டான்."

அரிவாள் இறங்கியது. இடது தோளில் விழுந்து எலும்பில் சிக்கியது. அவர் அதைப் பிடுங்கி மறுபடி ஓங்குவதற்குள் துரைராசு பின்னாலிருந்து அவரைக் கட்டிப்பிடித்தான். ரெத்தினம் உலக்கையோடு ஓடிவந்தான். அதற்குப் பிறகு யார் அடித்தது, எத்தனை அடி என்று போலீஸ் கேட்டபோது ஒருவருக்கும் ஞாபகமில்லை. பஞ்சநதத்துக்கு இரண்டு காலும் போயிற்று.

தஞ்சாவூர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் அகிலாண்டத்துக்குப் பேச்சு வந்தது. ரெத்தினத்தின் பெண்டாட்டி போனை அவள் காதில் வைத்துவிட்டு, "ஊரே உங்க புள்ளையப் பத்திதான்க்கா பேசுது" என்று சொல்லிவிட்டு டீ வாங்கப் போனாள்.

செம்மொழி விக்கி விக்கி அழுதான். "நான் போடலன்னுதான் சொன்னேனேம்மா. அப்பறம் ஏம்மா அப்படிச் சொன்ன?"

"போடலன்னு எனக்குத் தெரியும்" என்றாள் அகிலாண்டம். "ஊருக்குத் தெரிய வேணாம். வாய மூடிக்கிட்டு இரு."