ஏற்கப்படாத ஒன்பது நாள்

எவ்வளவு பழைய அளவுகள்வரை ஏற்கலாம் என்ற கால வரம்பில் ‘ஒரு மணி நேரம்’ என்றிருந்ததை ‘முந்நூறு நாள்’ என்று மாற்றிச் சேமிக்க அறிவுச்செல்விக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. நாமக்கல்லுக்குப் பக்கத்தில் அந்தக் கோழிப்பண்ணையின் அலுவலக அறையில் உட்கார்ந்திருந்தாள். கொட்டகைகளின் வெப்பம், மின்சாரம், தண்ணீர் ஓட்டம் எல்லாவற்றையும் கருவிகள் அளந்து, பேட்டரியில் ஓடும் ஒரு பெட்டி வழியாக அனுப்பும்; அவற்றை நேர வரிசையில் சேர்த்து வைக்கும் தரவுத்தளத்தை இங்கே போட்டுக் கொடுத்தவள் அவள்தான். புது விசிறிகள் வாங்குமுன் போன கோடையை முழுசாகப் பார்க்கவேண்டும் என்று முதலாளி கதிர்வேல் இப்போது, தை மாதத்தில், கேட்டிருந்தார்.

போன சித்திரையில் செல்போன் டவர் பழுதாகி ஒன்பது நாள் எதுவும் வந்து சேரவில்லை. அதில் ஒரு நாள்தான் மூன்றாம் கொட்டகையில் மூவாயிரம் கோழி வெக்கையில் செத்தது. கரண்ட் போச்சு, ஜெனரேட்டர் பிடிக்கவில்லை, கையால் குழாயைத் திறந்து திறந்து தண்ணீர் தெளித்தேன் என்று கொட்டகையைப் பார்த்துக்கொண்ட பச்சமுத்து சொன்னார். சாயங்காலம் கதிர்வேல் வந்தபோது கரண்ட் இருந்தது. டவர் சரியானால் பெட்டியில் தேங்கியவை தானாக வந்துசேர வேண்டும்; ஆனால் சரியான பிறகும் அந்த நாள் கணினியில் வெறுமையாகவே கிடந்தது. பெட்டியை அணைத்துவிட்டுப் பச்சமுத்து தூங்கியிருப்பானா என்று கதிர்வேல் போனில் கேட்டார். வேறொரு பண்ணையில் ஏணிமேல் நின்றிருந்த அறிவுச்செல்வி, இருக்கலாங்க, பார்த்துச் சொல்கிறேன் என்றாள். தரவுத்தளத்தில் ‘மிகப் பழையது, தள்ளப்பட்டது’ என்று ஆயிரக்கணக்கான வரிகள் பதிவாகியிருந்ததை அடுத்த வாரம்தான் கண்டாள். அளவுகள் பெட்டியின் மெமரி கார்டில் பத்திரமாக இருக்கும், அப்புறம் ஏற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

பச்சமுத்துவை அதற்குள் அனுப்பிவிட்டிருந்தார்கள். வேறெந்தப் பண்ணையும் அவரைச் சேர்க்கவில்லை. ஐம்பது வயதில் போர்வெல் ரிக் வண்டியில் வடக்கே வேலைக்குப் போனவர், ஆவணியில் ஆம்புலன்ஸில் பிணமாகத்தான் திரும்பி வந்தார். இரும்புக் குழாய் சரிந்து தலையில் விழுந்துவிட்டதாம்.

இப்போது கார்டிலிருந்து கோடுகள் ஒவ்வொன்றாக ஏறின. மதியம் ஒன்று ஐம்பத்திரண்டுக்கு மின்சாரம் பூஜ்யம். ஜெனரேட்டர் கோடு எழும்பவே இல்லை. ஆறு நிமிஷம் கழித்துத் தண்ணீர் ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது. நாலு இருபத்தாறு வரை அப்படியே.

கதிர்வேல் திரையை வெகுநேரம் பார்த்தார். “இத வெளிய சொல்லிக்கிட்டிருக்காதம்மா. போனவன் திரும்பியா வரப்போறான்?” என்று எழுந்து போனார்.

பச்சமுத்துவின் மனைவி அத்தாயி மூன்றாம் கொட்டகையில்தான் முட்டை பொறுக்கிக்கொண்டிருந்தாள். அறிவுச்செல்வி செல்போனை நீட்டி, அந்த நீலக் கோடுதான் தண்ணீர் என்று காட்டினாள்.

“அவர் தூங்கலீங்கக்கா. தொட்டி காலியாகுற வரைக்கும் தெளிச்சிருக்காரு.”

“எனக்குத் தெரியுஞ் சாமி. ராத்திரி ஊட்டுக்கு வந்தப்ப கையெல்லாம் கொப்புளம்.” கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். “இது அப்பவே அந்தப் பெட்டிக்குள்ள இருந்துச்சுங்களா?”

“இருந்துச்சுங்க. நாந்தான் எடுத்துப் பாக்கல.”

அத்தாயி கூண்டுப் பக்கம் திரும்பி, கம்பியில் உருண்டு நின்ற முட்டைகளை எடுத்து அட்டையில் அடுக்கத் தொடங்கினாள். முப்பது குழியும் நிறைந்த பிறகும் கை நிற்கவில்லை. வைக்க இடமில்லாத இரண்டு முட்டைகளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.