லாரி நாளைக்கு வரும்

நாயைப் பொதுப் பூங்காவுக்கு அழைத்துப்போகும் கலையில் நீலகிரி மாவட்டத்திலேயே என்னை மிஞ்ச ஆளில்லை. பேய், பிசாசு, சகுனம், வாட்ச்மேன் ஆகிய நான்குக்கும் நான் பயப்படுவதில்லை. இதைக் கல்லூரி கேன்டீனில் பலமுறை அறிவித்திருக்கிறேன். யாரும் மறுத்ததில்லை. கேட்டார்களா என்பது வேறு விஷயம்.

அழைத்துப்போவது என் நாயல்ல. ரேணுகா அக்காவின் நாய். பெயர் பட்டாணி. தேயிலை விலை விழுந்து எஸ்டேட்டை மூடியபோது அப்பாவின் கிளார்க் வேலையும் போயிற்று. இரண்டு வருஷம் கடனில் ஓட்டிய பிறகு அக்கா திருப்பூர் பனியன் கம்பெனிக்குக் கிளம்பினாள். பஸ் ஏறும்போது எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. பட்டாணியின் காதில் மட்டும், "அடுத்த வாரம் வந்து கூட்டிட்டுப் போறேன் சாமி" என்றாள். எட்டு மாதம் ஆயிற்று. நாய் வைத்துக்கொள்ளச் சம்மதிக்கும் வீட்டுக்காரர் இப்போதுதான் கிடைத்தாராம். ஞாயிற்றுக்கிழமை வருகிறாள்.

"நான் வர்றப்ப அது ஊட்ல இருக்கோணும்," என்றாள் போனில். "உன்னை நம்பித்தான்டா உட்டுட்டு வந்தேன்."

என்னை நம்பிய முதல் ஆள் என்பதால் எனக்கே கொஞ்சம் கலக்கமாக இருந்தது.

பூங்கா இருப்பது அதே எஸ்டேட்டில், முன்பு தேயிலைக் கொழுந்தை எடைபோட்ட களத்தில். ஆட்கள் மலையிறங்கிப் போனார்கள். காலியான பங்களாக்களை வாங்கிக்கொண்டு கோயம்புத்தூர்க்காரர்கள் நாய்களோடு மலையேறி வந்தார்கள். மனிதருக்கு வேலை கொடுக்க முடியாத ஊர், நாய்க்கு விளையாட இடம் கொடுத்தது. களத்தைச் சுற்றி, எஸ்டேட் காலத்திலேயே போட்ட, சிறுத்தை தாண்ட முடியாத உயரத்துக்குக் கம்பிவலை. வாசலில் ஒன்பது விதிகள் எழுதிய பலகை. தடுப்பூசி போடாத நாய்க்கு அனுமதி இல்லை. தின்பண்டம் கூடாது. சின்ன நாயைப் பெரிய நாயோடு விடாதீர்கள். உங்கள் நாய் போட்டதை நீங்களே அள்ளுங்கள். இந்த விதியைப் படிக்கும்போது மட்டும் பலருக்குத் தமிழ் மறந்துவிடும்.

வாசலுக்கு இரண்டு கதவு. நடுவில் ஒரு ஆளும் ஒரு நாயும் நிற்கிற அளவுக்கு ஒரு கூண்டு. உள்கதவு மூடித் தாழ் விழுந்தால்தான் வெளிக்கதவு திறக்கும். நாய் ரோட்டுக்கு ஓடிவிடக் கூடாது என்று செய்த ஏற்பாடு.

பத்தாவது விதி பலகையில் இல்லை. அது வாட்ச்மேன் இருளப்பனுடையது. வெளியே போகிற ஒவ்வொருவரும் கூண்டில் நின்று, களத்தைத் திரும்பிப் பார்த்து, "இருங்க, லாரி நாளைக்கு வரும்" என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டுத்தான் உள்கதவைச் சாத்த வேண்டும். லேப்ரடார் வளர்க்கும் சுசீலா மேடம் இதையும் அரசாங்க விதி என்றே நம்பி, தினமும் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு சொல்லிவிட்டுப் போவார்.

எதற்கு இது என்று இருளப்பனிடம் கேட்டேன். சிலோன் தோட்டத்தில் பிறந்தவர். இதே களத்தில் முப்பது வருஷம் தராசு பிடித்தவர். எஸ்டேட் மூடிய அன்று லாரிகள் வரிசையாக வந்தன என்றார். பானை ஏறியது, கட்டில் ஏறியது, கோழிகூட ஏறியது. நாய்களை டிரைவர்கள் ஏற்றவில்லை. லாரிக்குப் பின்னால் ஓடி அடிபட்டுச் சாகக் கூடாதே என்று, தொழிலாளர் குடியிருந்த லயத்து நாய்கள் பதினொன்றையும் இந்தக் களத்துக்குள் விட்டுப் பூட்டினார்கள். லாரி நாளைக்கு வரும் என்று சமாதானம் சொன்னார்கள். விடிந்ததும் யாராவது திறந்துவிடுவார்கள் என்று ஒவ்வொருவரும் இன்னொருவரை நினைத்துக்கொண்டு மலையிறங்கினார்கள்.

"சாவி யார்கிட்ட இருந்துச்சுங்ணா?" என்றேன்.

"எங்கிட்டதான் தம்பி. மகளைத் திருப்பூர்ல விட்டுட்டு மக்காநாளு வந்துரலாம்னு போனேன். காய்ச்சல்ல விழுந்துட்டேன். பதினாலு நாளு."

இதைக் கேட்ட பிறகு மனிதனாகப் பிறந்தவன் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பான். நான் கேன்டீனில் பெஞ்சுமேல் ஏறி நடித்துக் காட்டினேன். இருளப்பனின் கூன், சுசீலா மேடத்தின் கைப்பை, எல்லாம் அச்சு அசல். என் வகுப்புக் கதிருக்கு டீ மூக்கு வழியாக வந்தது. அந்த உற்சாகம் தணியாமல் வியாழக்கிழமை கூண்டில் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி, "லாரி வந்தாச்சு, எல்லாரும் ஏறுங்க" என்றேன்.

சுசீலா மேடம் சிரித்தார். நாய்கள் சிரிக்கவில்லை. லேப்ரடார் பந்தைக் கீழே வைத்தது. களத்தில் இருந்த எல்லா நாய்களும் வாசலைப் பார்த்தன. பிறகு இரண்டு பக்கமும் ஒதுங்கின, நடுவே யாருக்கோ வழிவிடுவதுபோல.

இருளப்பன் திட்டவில்லை. "வாக்குக் குடுத்துட்டீங்க தம்பி," என்றார், அவ்வளவுதான்.

சனிக்கிழமை அவர் லீவு. நான்கு மணிக்கே மஞ்சு இறங்கிப் பனிமூட்டமாயிற்று. மற்றவர்கள் ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். நான் கூப்பிட்டேன். பட்டாணி வரவில்லை. பெயர் சொன்னால் பறந்து வருகிற நாய்.

தேடிப் போனேன். களத்தின் கோடியில், பழைய தராசுக் கம்பத்துக்குக் கீழே, வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. அதன் இரண்டு பக்கமும் ஈரப் புல் வட்டம் வட்டமாக அமுங்கியிருந்தது, நாய் சுருண்டு படுத்து எழுந்த இடம்போல. எண்ணக் கூடாது என்று நினைத்துக்கொண்டே எண்ணினேன். பதினொன்று. கடைசி வட்டத்தில் ஒரு புல், நான் பார்க்கும்போதே, மெல்ல நிமிர்ந்தது.

பட்டாணியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். ஓடவில்லை, ஓடினால் நாய் துரத்தும் என்பது பூங்காவின் ஆறாவது விதி. எனக்குப் பின்னால் புல் நசுங்கும் சத்தம் கேட்டது. நான் நின்றால் அதுவும் நின்றது.

கூண்டுக்குள் வந்து உள்கதவைச் சாத்தினேன். ஒரு சாண் இடைவெளியில் நின்றுவிட்டது. கல் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன். இல்லை. தள்ளினேன். கதவு திருப்பித் தள்ளியது. முரட்டுத்தனமாக இல்லை; வாசலில் காத்திருக்கும் நாய் உடம்பைச் சாய்த்துக்கொண்டு நிற்குமே, அப்படி. இடைவெளி வழியாக என் முழங்காலில் சூடான மூச்சு பட்டது. பேன்ட் நனைந்தது. பட்டாணி என் கையிலிருந்தபடியே அந்த இடைவெளியைப் பார்த்து வாலை ஆட்டியது.

அது குரைத்திருந்தால் எனக்குத் தைரியம் வந்திருக்கும்.

வெளிக்கதவை உலுக்கினேன். உள்கதவு மூடாமல் அது திறக்காது. திறந்தாலும் இவை வெளியே வந்து எந்த லாரியைத் தேடும்? காலையில் அக்கா வந்து, பட்டாணி எங்கேடா என்பாள். பட்டாணியோ இறங்கத் திமிறிக்கொண்டிருந்தது. லாரியில் இடம் பிடிக்க அதுவும் நினைத்துவிட்டது போலிருந்தது. எட்டு மாதமாகக் காத்திருப்பது அதுவும்தானே.

சுற்றிலும் பார்த்தேன். மஞ்சு மட்டும்தான். கேன்டீன் ஆட்கள் யாரும் இல்லை.

"தப்பாச் சொல்லிப்போட்டேனுங்க," என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, களத்தை முழுசாகத் திரும்பிப் பார்த்து, இருளப்பன் சொல்கிற அதே இழுப்பில் சொன்னேன்.

"இருங்க. லாரி நாளைக்கு வரும்."

கதவு உடனே மூடவில்லை. கொஞ்சம் நகர்ந்தது, நின்றது. மறுபடி கொஞ்சம் நகர்ந்தது, நின்றது. அப்படிப் பதினொரு தடவை. பிறகு தாழ் விழுந்தது.