பெக்ஃபோர்ட் ஒன்பது புள்ளியில் தோற்ற விதம்

1991 மார்ச்சில், தேசியப் போட்டியின் முதல் சுற்றில், பெக்ஃபோர்ட் கல்லூரிக் கூடைப்பந்து அணி லார்க்வுட் அணியிடம் எழுபத்தொன்றுக்கு அறுபத்துநான்கு என்று தோற்றது; அடுத்த பதினெட்டு ஆண்டுகளில், யாரும் பந்தைத் தொடாமலேயே, அந்தத் தோல்வி எழுபதுக்கு அறுபத்தொன்பது என்று குறைந்தது. குறைத்தவர்கள் செவ்வாய்தோறும் காலையில் லோர்னாவின் சாப்பாட்டுக் கடையில் ஜன்னலோர மேசையைப் பிடித்துக்கொள்ளும் மூவர்: ஓய்வுபெற்ற தபால்காரர் வெர்லின் ஸ்டூப்ஸ், பன்றிப் பண்ணைக்காரர் ஆர்லோ, தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் இமோஜீன் ப்ரூயிட். அந்த ஆட்டத்தைப் பார்க்கப் பனியில் ஒன்பது மணி நேரம் ஒரே காரில் போய்வந்தவர்கள். பெக்ஃபோர்ட் அதற்கு முன்போ பின்போ தேசியப் போட்டிக்குள் நுழைந்ததில்லை என்பதால், பேசுவதற்கு வேறு ஆட்டமும் அவர்களிடம் இல்லை.

முதல் புள்ளி 1994இல் நகர்ந்தது. லார்க்வுட்காரன் மூன்று புள்ளிக்கு எறிந்தபோது அவன் கால் கோட்டின் மேல் இருந்தது, ஆகவே அது இரண்டுதான் என்றார் இமோஜீன். மூன்று வாரம் மறுத்துவிட்டு, நாலாவது வாரம் முட்டையைக் கிளறியபடியே ஆர்லோ ஒத்துக்கொண்டார். அந்த நொடியில், சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த நாளிதழில் எழுபத்தொன்று எழுபதானது. லோர்னா கண்ணாடியைத் துணியால் துடைத்துப் பார்த்தார். எழுபதாகவே இருந்தது. கல்லூரி ஏட்டிலும் அப்படியே. அதன்பின் மூவரும் நிதானமாக வேலை பார்த்தார்கள். நம் பையன் பந்தைத் தட்டாமல் ஓடினான் என்று நடுவர் ஊதிய விசில் தவறு என்று வெர்லின் நிலைநாட்ட நான்கு குளிர்காலங்கள் ஆயின. அந்த விசிலால் செல்லாமல் போன கூடைக்கு இரண்டு புள்ளி வந்தது. கூடைக்குள் இறங்கிக்கொண்டிருந்த பந்தை, தொடக்கூடாத நேரத்தில், எதிராளி தட்டிவிட்டான் என்று இன்னொரு இரண்டு. 2009 பிப்ரவரியில், இரண்டென்று எண்ணிய பெக்ஃபோர்டின் ஒரு கூடை உண்மையில் மூன்று என்று முடிவானபோது ஒரு புள்ளிதான் பாக்கி நின்றது. லார்க்வுட்டிலிருந்து ஓர் ஆட்சேபக் கடிதம்கூட வரவில்லை. ஜெயித்தவர்களுக்கு அந்த ஆட்டம் மறந்தே போயிருந்தது.

யாரும் யோசிக்காதது டாரெல் ஹுக்ஸை. கடைசி நான்கு விநாடி இருக்கும்போது அவனுக்குத் தடுப்பாரின்றி எறியும் ஃப்ரீ த்ரோ இரண்டு, ஆளுக்கொரு புள்ளியாக, கிடைத்தன; இரண்டையும் தவறவிட்டான். ஏழு புள்ளி பின்தங்கியிருந்த அணியில் அதை யார் கணக்கில் வைப்பார்கள்? அவன் படிப்பை முடித்து, அதே ஊரில் வீட்டு ஹீட்டர்களைப் பழுது பார்த்துக்கொண்டு, கோலீனைக் கல்யாணம் செய்துகொண்டு நிம்மதியாக இருந்தான். இப்போது முப்பத்தொன்பதாவது வயதில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு, ஆட்டத்தைத் தோற்கடித்தவன் ஆகிவிட்டான். கல்லூரியிலிருந்த ஒளிநாடாவில், சிரித்தபடி வெளியேறிய டாரெல் இப்போது தரையில் முழங்காலிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தான். மறுநாள் அவன் இரண்டு முழங்கால்களிலும் மரத்தரையில் உரசிய புதுக் காயம். கோலீன் மருந்து போட்டாள், ஆறவில்லை. பாதி ஊர் ஹீட்டர் ஓடாமலே குளிரில் நடுங்கியதே தவிர அவனைக் கூப்பிடவில்லை. ஞாயிறன்று போதகர் மன்னிப்பைப் பற்றிப் பேசியபோது மொத்த சபையும் திரும்பி அவனைப் பார்த்தது.

அடுத்த செவ்வாய் அவன் நொண்டிக்கொண்டே லோர்னாவின் கடைக்குள் வந்தான்.

“ஏழு பாயின்ட் பின்னாடி கெடந்தப்போ போட்ட பந்துங்க அது! ரெண்டும் விழுந்திருந்தாலும் தோத்துத்தான் போயிருப்போம். இப்ப வந்து என் தலையில கட்டுறீங்களே, நியாயமா?”

“கத்தாத, உக்காரு,” என்றார் ஆர்லோ. “ஒரே ஒரு வார்த்தை சொல்லு போதும். லைட்டு கண்ணுல அடிச்சுது, மறுபடி போட விட்டிருக்கணும்னு சொல்லு. ஜெயிச்சிடுவோம். உனக்குச் சிலையே வெப்பாங்கப்பா.”

டாரெல் முழங்காலைத் தடவிக்கொண்டான். சுவரைப் பார்த்தான். “லைட்டு...” என்று ஆரம்பித்தான். சுவரில் ஒன்றும் அசையவில்லை.

“லைட்டெல்லாம் நல்லாத்தான் எரிஞ்சுது,” என்றான். “திரும்பி வர்றப்போ பஸ்ஸை எங்க நிறுத்திச் சாப்பிடப் போறோம்னு யோசிச்சிட்டிருந்தேன். அதான் விட்டுட்டேன்.”

பிறகு இமோஜீன் கோப்பையைக் கீழே வைத்தார்.

“எனக்கு முன்னாடி ஒரு தூண் இருந்துச்சு. அந்த லார்க்வுட் பையனோட காலை நான் பாக்கவேயில்ல. தலைமுடியத்தான் பாத்தேன்.”

“பதினஞ்சு வருஷம் கழிச்சா சொல்லுவீங்க?” என்றார் ஆர்லோ.

“தூண் இருந்துச்சான்னு நீங்க கேக்கலியே.”

ஆர்லோ தலையைச் சொறிந்துகொண்டு, இறங்கிய பந்து என்று தான் சொன்னது ஏறிக்கொண்டிருந்த பந்தாகவும் இருக்கலாம் என்றார். ஆனால் மூவரும் ஒத்துக்கொண்டால்தான் எண் நகரும். வெர்லின் ஒத்துக்கொள்ளவில்லை. எழுபத்தெட்டு வயது அவருக்கு.

“ஒரு பாயின்ட்டுய்யா! சாகறதுக்குள்ள ஒரு ஜெயிப்பைப் பாத்துட்டுப் போயிடலாம்னு இருந்தேன்.” அவர் டாரெலை வெகுநேரம் பார்த்தார். “அன்னிக்கு பஸ்ஸுல ஏறும்போது நீ சிரிச்சிட்டிருந்த. நாங்க மூணு பேரும் காருக்குள்ள அழுதுட்டிருந்தோம். எனக்கு உன்மேல வந்த கோவம் இருக்கே!”

“தெரியாதுங்க.”

“என்ன சாப்பிட்ட?”

“ரெண்டு பர்கர். ஒரு பெரிய மில்க் ஷேக்.”

“நல்லா இருந்துச்சா?”

“ரொம்ப நல்லா இருந்துச்சுங்க.”

வெர்லின் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். “அந்த விசில் சரிதான். பந்தைத் தட்டாம நாலடி வெச்சான். அஞ்சுகூட இருக்கும். தூணு, இறங்குன பந்து, அந்த மூணு பாயின்ட்டுக் கூடை, எல்லாத்துக்கும் சரி.”

பதினைந்து வருட வேலை ஒரு மணி நேரத்தில் கலைந்தது. எழுபத்தொன்றுக்கு அறுபத்துநான்கு வந்தபின்னும் அவர்கள் நிறுத்தவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று, லார்க்வுட்டுக்கு நடுவர் மறுத்த ஒரு கூடையையும் மூவருமாகச் சேர்ந்து கொடுத்தார்கள். மதியச் சாப்பாட்டுக்குள் காயம் ஆறியது. அன்று மாலைக்குள் டாரெலைப் பதினோரு வீடுகளில் கூப்பிட்டார்கள். இப்போது செவ்வாய்க்கிழமைகளில் அவனும் அந்த மேசையில் உட்கார்கிறான், கோலீன் வந்து கிளப்பும்வரை. எழுபத்துமூன்றுக்கு அறுபத்துநான்கு என்பதுதான் கல்லூரி ஏட்டில் இருக்கிறது. மோசமான ஆட்டம், யார்மேலும் தப்பில்லை என்று ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள்.