உறவில்லாத சாட்சி

யோகராஜ் செத்துப்போனான் என்று யாராவது ஒருத்தர் வாயால் சொல்லியாக வேண்டும். கச்சால் தீவில் அன்றைக்கு வாய்க்கா பஞ்சம்? பிரட்டுக்களம் நிறைய ஆள். அத்தனை வாயையும் விட்டுவிட்டு உதயாவின் வாயைத்தான் அந்த அதிகாரி தேடிப் பிடித்தார். இதற்கு யாரைப் போய் நோவது?

கடல் ஏறி வந்துபோய் ஒரு மழைக்காலமும் கழிந்திருந்தது. உடம்பு கிடைத்தவர்களுக்கு அப்போதே சாவுக் காகிதம் கொடுத்துவிட்டார்கள். உடம்பு கிடைக்காதவர்கள் 'காணவில்லை' என்ற பெயரில் செத்ததிலும் சேராமல் இருப்பதிலும் சேராமல் நின்றார்கள். யோகராஜ் அந்தக் கூட்டத்தில் இருந்தான். அவன் அம்மா தங்கம்மாவுக்கு அவனை விட்டால் நாதியில்லை. புருஷன் ரப்பர் தோட்டத்திலேயே பாம்பு கடித்துப் போனவர். மகனும் போனபிறகு அந்த மனுஷி மேட்டில் போட்டிருந்த தகர ஷெல்டரில் தனியாகக் கிடந்தாள். பகலில் அதற்குள் இருப்பதும் அடுப்புக்குள் இருப்பதும் ஒன்றுதான். மழை பெய்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழாது.

பக்கா வீடு கட்டப்போகிறார்கள் என்ற பேச்சு வந்தது. காணவில்லை என்ற கணக்கு முடியாத குடும்பத்துக்கு வீடு பிறகுதான் என்றும் கூடவே வந்தது. தங்கம்மா வீட்டுக்காக மட்டும் அலையவில்லை. மகனுக்குக் கருமாதி செய்யவேண்டும். சர்க்கார் சொல்லாமல் நாமாகச் செய்துவிட்டு, மறுநாள் பிள்ளை வந்து வாசலில் நின்றால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு பார்ப்பது என்று அவளுக்கு ஒரு பயம். சர்க்கார் சொல்லிவிட்டால் அந்தப் பாவம் தன் தலையில் இல்லை என்று நினைத்திருந்தாள்.

உதயா நினைத்தது வேறு. அவளுக்கு யோகராஜ் சாகவே இல்லை.

இரண்டு பேருக்கும் இருந்தது இன்னது என்று ஊரில் ஒரு காக்கைக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் லயத்து வீட்டு வரிசையே கைகொட்டிச் சிரித்திருக்கும். தங்கம்மாவும் உதயாவின் அம்மா சொர்ணம்மாவும் சிலோனிலிருந்து ஒரே கப்பலில் வந்தவர்கள். வேறு வேறு தோட்டம், ஒரு சொட்டு ரத்தசம்பந்தம் கிடையாது. ஆனாலும் கப்பலில் ஒருத்தியை ஒருத்தி அக்கா என்றும் தங்கச்சி என்றும் கூப்பிட்டது அப்படியே நிலைத்துவிட்டது. ஆக, பிள்ளைகள் அண்ணன் தங்கச்சி முறை. சின்னதில் உதயாவும் அண்ணே, அண்ணே என்று அவன் பின்னால் ஓடியவள்தான். வயசுக்கு வந்து, ரப்பர் பால் வெட்டப் போகிற வழியில் ஒருநாள் அவன் பார்த்த பார்வையில் அந்த வார்த்தை அவள் வாயைவிட்டுப் போனது. அதற்குப்பிறகு அவனை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பெயரைச் சொல்லவும் கூச்சம். "இந்தாங்க" என்பாள், இல்லாவிட்டால் தொண்டையைச் செருமுவாள். தை பிறக்கட்டும், அம்மாகிட்ட நான் சொல்றேன் என்று அவன் சொல்லியிருந்தான். மார்கழியிலேயே கடல் வந்துவிட்டது.

அலையில் போனவர்கள் எங்கோ ஒரு தீவில் தேங்காய் தின்று உயிரோடு இருந்தார்கள் என்று ஒரு கதை அப்போது சுற்றிக்கொண்டிருந்தது. உதயா அதை எத்தனை பேர் வாயால் கேட்டாலும் புதிதாகக் கேட்பதுபோல் கேட்பாள். போர்ட் பிளேரில் ஷாதிபூர் பக்கம் ஒரு ஓட்டலில் மேசை துடைக்கிற ஆள் அச்சு அசல் நம்ம யோகராஜ் மாதிரி இருந்தான் என்று கப்பலில் வந்த ஒருத்தன் வேறு சொல்லிவைத்தான். மாதிரிதான் சொன்னான், படுபாவி. அந்த 'மாதிரி'யைப் பிடித்துக்கொண்டு அவள் அத்தனை மாதம் சோறு தின்றாள்.

அதிகாரி காலையில் படகில் வந்து இறங்கினார். தோட்டத்தில் காலையில் பெயர் கூப்பிட்டு வேலைக்கு ஆள் பிரிக்கிற பிரட்டுக்களத்திலேயே மேசை போட்டார்கள். அவருக்குத் தமிழ் தெரியாது, இந்திதான். சனங்களுக்குக் கடையில் பேசுகிற அளவுக்கு இந்தி வரும், சாட்சி சொல்கிற அளவுக்கு வராது. அதனால் ஆபீஸ் கிளார்க் சிவஞானம் நடுவில் நின்றார். திருநெல்வேலிக்காரர், மெயின்லேண்டிலிருந்து வேலைக்கு வந்தவர், நல்ல மனுஷன். அவர் சட்டத்தைச் சொன்னார். காணாமல் போன ஆள் ஒவ்வொருத்தருக்கும் இரண்டு கவா வேண்டும், அதாவது சாட்சி. சாட்சி சொல்கிறவர் அந்த ஆளை அன்று காலையில் கண்ணால் பார்த்திருக்கவேண்டும். உறவுக்காரராக இருக்கக்கூடாது. சாயங்காலப் படகுக்கு அதிகாரி சாப் கிளம்பிவிடுவார், மறுபடி எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது.

யோகராஜுக்கு ஒரு சாட்சி சட்டென்று கிடைத்தது. படகு வந்து நிற்கிற ஜெட்டியில் அவன் நின்றதைப் பார்த்த ரேஷன் கடை மலையாளி. இன்னொன்று வேண்டும்.

பழனியாண்டி முந்திக்கொண்டு வந்தார். அன்று காலையில் தன் வாசலைத் தாண்டித்தான் பையன் கீழே இறங்கினான், இந்தக் கண்ணால் பார்த்தேன் என்றார். உனக்கு அவன் என்ன வேண்டும் என்று சிவஞானம் கேட்டார். மருமகன் என்றார் பழனியாண்டி, நெஞ்சை நிமிர்த்தி. அதிகாரி கையை ஆட்டி ஓரமாக நிற்கச் சொன்னார். அடுத்து வந்தவன் மச்சான் என்றான். அதற்கடுத்த கிழவர் பேரன் என்றார். வந்தவர்களில் ஒருத்தர்கூட மிச்சமில்லாமல் சித்தப்பன், பெரியப்பன், மாமன் என்று நின்றார்கள்.

அவர்களைச் சொல்லி என்ன செய்ய? சொந்த சனத்தையெல்லாம் அங்கங்கே உதிர்த்துவிட்டுத் தீவுக்கு வந்த கூட்டம். பக்கத்து வீட்டுக்காரன் மாமன், எதிர்வீட்டுக்காரி அத்தை என்று முறை கட்டித்தான் இங்கே குடும்பமே உண்டாக்கினார்கள். முறை சொல்லாமல் மொட்டையாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவனை வளர்ப்புச் சரியில்லை என்பார்கள். சிவஞானத்துக்கு இது புரியாமலில்லை. சாப், இதெல்லாம் வாய்ப்பேச்சு உறவு, ரத்த உறவில்லை என்று அவரும் சொல்லிப்பார்த்தார். அதிகாரி மசியவில்லை. இப்படித்தான் ஒரு தீவில் இரக்கப்பட்டு எழுதினேன், சாட்சி சொன்னவன் மாமா என்று ஒருத்தன் மனுப் போட்டுவிட்டான், மொத்தமும் திரும்பி வந்தது என்றார்.

அதற்குப்பின் ஒருத்தன் சுதாரித்துக்கொண்டு, எனக்கும் அவனுக்கும் ஒன்றுமில்லை என்றான். அதிகாரி அசகாய சூரர். அவனைக் கூப்பிடுவதாக இருந்தால் எப்படிக் கூப்பிடுவாய், கூப்பிட்டுக் காட்டு என்றார். இவன் பழக்கதோஷத்தில் "டேய் மாப்ள" என்று கூப்பிட்டே விட்டான். சனம் சிரித்தது. தங்கம்மா மட்டும் மேசைக்குப் பக்கத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். வெயில் இறங்க ஆரம்பித்திருந்தது.

அப்போதுதான் சொர்ணம்மா மறுபடியும் வாயைத் திறந்தாள். "எம் மக பாத்தாளே. அன்னிக்குத் தண்ணிக்குப் போயிட்டு வந்து, யோகராசு கீழ போவுதுன்னு சொன்னாளே." சொல்லிவிட்டு, தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் நின்ற மகளைக் கையைப் பிடித்து இழுத்துவந்து மேசைக்கு முன்னால் விட்டாள். தங்கச்சி கஷ்டத்துக்கு உதவுகிறோம் என்ற நினைப்பு. பெற்றவள் என்ன கண்டாள்.

உதயா ஓடிப்போய்விடலாமா என்று பார்த்தாள். சுற்றிலும் ஆள்.

சிவஞானம் ஒரு கணம் யோசித்தார். சொர்ணம்மா கொஞ்சம் முன்னால்தான் அவனை மகன் என்று சொல்லி ஓரமாகப் போனவள். அதனால் கேட்டார்: "உங்கம்மா மகன்னு சொல்றாங்க. அப்ப உனக்கு அவன் அண்ணன்தானே?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், விட்டிருப்பார்கள். வீட்டுக்குப் போயிருக்கலாம். அந்த ஓட்டல்காரனை நினைத்துக்கொண்டு இன்னும் கொஞ்ச நாள் கிடந்திருக்கலாம். நிஜத்தைச் சொல்லவும் ஒரு வழி இருந்தது: என்னைக் கட்டிக்கப்போறவர். அதைச் சொன்னாலும் விட்டிருப்பார்கள். ஆனால் அம்மா அந்த இடத்திலேயே மண்ணை வாரி இறைத்திருப்பாள். அண்ணன் முறைக்காரனோடா என்று ஊர் காறித் துப்பியிருக்கும், செத்தவனையும் சேர்த்துத்தான் துப்பியிருக்கும். அதற்கு அவளுக்குத் துணிச்சல் இல்லை. அண்ணன் என்று சொல்லவோ நாக்கு எழவில்லை. சத்தியமாக எழவில்லை. அது அவனையே இல்லையென்று சொல்வதுபோல் இருந்தது.

"அண்ணன் இல்ல" என்றாள்.

"பிறகு என்ன வேணும்?"

"ஒண்ணும் இல்ல."

கூப்பிட்டுக் காட்டச் சொன்னார் அதிகாரி. அவள் தரையைப் பார்த்தாள். நான் ஒண்ணுஞ் சொல்லிக் கூப்பிட மாட்டேன் என்று கடைசியில் சொன்னாள். குமரிப்பிள்ளை, வெட்கம், ஆம்பிளைப் பிள்ளைகளோடு பேச்சு வைத்துக்கொள்ளாது என்று பின்னாலிருந்து ஒரு பெண் பெருமையாகச் சொன்னது அவள் காதில் விழுந்தது. அதிகாரிக்கு முகம் மலர்ந்துவிட்டது. காலையிலிருந்து தேடிய ஆள் கிடைத்தாயிற்று. இந்தப் பெண்தான் சரியான கவா, எழுதிக்கொள் என்றார்.

பிறகு வரிசையாகக் கேட்டார்கள். எங்கே பார்த்தாய்? பைப்படியில். என்ன உடுத்தியிருந்தான்? நீலச் சட்டை. அந்தச் சட்டையின் காலர் கிழிசலை அவள்தான் தைத்துக்கொடுத்தாள், அதை யார் கேட்டார்கள்? எங்கே போனான்? கீழே ஜெட்டிக்கு, அவங்கம்மாவுக்குக் கருவாடு வாங்க. பூமி ஆடியது அதற்கு முன்னாலா பின்னாலா? பின்னால். உன்னிடம் எதுவும் பேசினானா?

சாயங்காலமும் தண்ணிக்கு வருவியா என்று அவன் கேட்டிருந்தான். வருவேன் என்று அவள் தலையை ஆட்டியிருந்தாள்.

"இல்ல" என்றாள்.

அதற்குப்பின் அவன் இருக்கிற தகவல் ஏதாவது உனக்கு வந்ததா? ஷாதிபூர் அவள் தொண்டைவரைக்கும் வந்தது. தங்கம்மா இவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த இடிந்துபோன முகத்தைப் பார்த்தபிறகு எதைச் சொல்வது? அதற்கும் இல்லை என்றாள்.

சிவஞானம் குரலைத் தணித்துக்கொண்டார். "கடைசிக் கேள்விம்மா. அவன் உசிரோட இல்லைன்னு நீ நம்புறியா? தலையாட்டினா பத்தாது, சாப்புக்குக் கேக்கணும், வாயால சொல்லு."

உதயா அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். சொல்லு புள்ள என்று அம்மா கண்ணால் அதட்டினாள். நாதியற்றுப்போன தங்கம்மா கையெடுத்துக் கும்பிடவே செய்தாள். பெரிய மனுஷி, இத்தனூண்டு பெண்ணைப் பார்த்து. யாராவது குறுக்கே வந்து, வேண்டாம், இவளை விடுங்கள் என்று சொல்லமாட்டார்களா என்று உதயாவுக்கு இருந்தது. யார் வருவார்கள்? யாருக்கு என்ன தெரியும்?

"அவர் செத்துட்டாரு" என்றாள்.

கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் போட்டாள். பேனாவை அவள் கையிலிருந்து சிவஞானம்தான் எடுக்கவேண்டியிருந்தது. தங்கம்மா ஓடிவந்து இவளைக் கட்டிக்கொண்டு, ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று வந்து நின்று எம் பிள்ளைக்காகச் சொன்னியே தாயி, நீ நல்லாயிருப்ப என்று அழுதாள். நல்லாயிருக்கட்டும்! அந்தத் தோளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஒரு மூச்சு அழுதுவிடலாம் என்று உதயாவுக்கு வந்தது. அழுதால் கேள்வி வரும். கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய் உலை வைத்தாள்.

சில வாரத்தில் காகிதம் வந்தது. தங்கம்மா கருமாதிக்கு நாள் பார்த்தாள். அன்றைக்குச் சாட்சிக்கு ஆகாமல் போன மாமன், மச்சான், சித்தப்பன் எல்லாரும் உரிமையோடு வந்து பந்தல் போட்டார்கள். உதயா ஆடுகளைப் பார்க்கவேண்டும் என்று சாக்குச் சொல்லி வீட்டிலேயே இருந்துவிட்டாள்.

தங்கம்மா விடவில்லை. தானே தேடி வந்துவிட்டாள். எனக்கு ஒரு பொட்டப்பிள்ளை இல்லாமல் போச்சு, பெத்தவளுக்கு அடுத்தபடி கூடப்பொறந்தவ அழணும், ஆத்தா வயித்துப் பிள்ளை அனாதையா போகக்கூடாது, அன்னிக்கு யாரும் இல்லாத எடத்துல நின்னவ நீதானே, இன்னிக்குத் தங்கச்சியா வந்து உக்காரு என்று கையைப் பிடித்தாள். சொர்ணம்மாவும், முறைப்படி அதுதானே சரி, எழுந்து போ என்றாள். சரியாம். உதயா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள், தங்கம்மாவின் முகத்தைப் பார்த்தாள். மாட்டேன் என்பதற்கு ஒரு காரணம் சொல்லவேண்டும். சொல்வதற்கு இருந்த ஒரே காரணத்தை அன்றைக்கே மேசைக்கு முன்னால் விழுங்கியாயிற்று.

போய் உட்கார்ந்தாள். பெண்கள் வட்டமாகத் தோளோடு தோள் கோத்துக்கொண்டார்கள். தங்கம்மா முதலில் எடுத்தாள், நான் பெத்த மகனே என்று. கேட்டவர்களுக்குக் குலை நடுங்கியது. அவள் நிறுத்தியதும் அடுத்த குரலுக்காக எல்லாரும் காத்திருந்தார்கள். அந்த நேரத்தில் வெறுமனே அழமுடியாது, முறை சொல்லித்தான் அழவேண்டும். பக்கத்தில் இருந்தவள் இவள் விலாவில் இடித்தாள். தங்கம்மா தலையைத் தூக்கி, "சொல்லும்மா, சொல்லி அழு" என்றாள்.

உதயா வாயைத் திறந்தாள்.

"அண்ணே" என்றாள்.

சொன்னதும் அவளிடமிருந்து கிளம்பிய சத்தத்துக்குப் பந்தலில் இருந்த ஆம்பிளைகளே எழுந்து நின்றுவிட்டார்கள். நாலு பேர் பிடித்தும் அடக்க முடியவில்லை. மண்ணில் விழுந்து அண்ணே, அண்ணே என்று தலையை மோதிக்கொண்டாள். பழனியாண்டி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கூடப்பொறந்த தங்கச்சிகூட இப்படி அழமாட்டா என்று பக்கத்தில் இருந்தவரிடம் மெச்சிச் சொன்னார்.