தோற்றவர் சொன்னதும் இருக்கட்டும்

மூன்று மதங்களின் வேதங்களிலும் வரும் பக்தர் யோபு பட்ட துன்பத்தைப் பற்றி யூத, கிறிஸ்தவ, இஸ்லாமிய உரைகாரர்கள் சொன்னதையெல்லாம் ஒரே புத்தகமாக மொழிபெயர்த்து முடித்திருந்தாள் அவள். கடைசி வேலையாகப் பென்சிலைச் சீவிக்கொண்டு கைப்பிரதியில் களை பறித்தாள். 'இன்னார் சொல்ல இன்னார் கேட்டார்' என்று நீளும் பெயர் வரிசைகள் போயின. அறிஞர் சபைகள் ஏற்காத கருத்துகள் போயின. 'வேறு ஏட்டில் இந்தச் சொல் இல்லை' என்ற அடிக்குறிப்புகளும் போயின. புத்தகம் பாதியாக இளைத்தது. பதிப்பகம் நடத்தும் அண்ணனுக்குப் பரம திருப்தி. அச்சகத்தில் நாள் குறித்துவிட்டார். சரிபார்க்கும் மூன்று அறிஞர்களும் தலையாட்டினால் போதும்.

இமாம், யூத குருவான ரப்பி, பாதிரியார் என்ற அந்த மூவருக்கும் கல்லூரியில் ஒரே அறை. ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்பதில்கூட ஒத்துப்போகாதவர்கள். அன்று, வெட்டியதைத் திரும்பச் சேர்க்காமல் ஒப்புதல் இல்லை என்று மூவரும் சொல்லிவைத்தாற்போல் மறுத்தார்கள்.

"எங்க மூணு பேரையும் ஒரே கட்சியில சேர்த்துட்டீங்களேம்மா. லேசுப்பட்ட காரியமில்ல," என்றார் பாதிரியார்.

அவள் முகம் சுருங்கியது. கருத்தில் ஒன்றையும் மாற்றவில்லையே என்று வாதாடிப் பார்த்தாள். இமாம் அலமாரியிலிருந்து தடித்த நூலொன்றை எடுத்து அவள் முன் விரித்தார். செய்தி சொன்னவர்களை எடைபோடும் நூல் அது. ஒருவர் நல்லவர், முதுமையில் ஞாபகம் தடுமாறியது. இன்னொருவர் பொய் சொல்லாதவர், ஆனால் யாரிடம் கேட்டோம் என்பதைக் குழப்பிக்கொள்வார். பிடித்தமான செய்தியைச் சொன்னவர் என்பதற்காக யாருக்கும் சலுகை இல்லை. பக்கம் பக்கமாக மனிதர்கள். அவள் பென்சில் வெட்டியது இவர்களைத்தான்.

"அது சரி, ஏத்துக்காத கருத்தை எதுக்கு வெச்சிருக்கீங்க?" என்று ரப்பியிடம் கேட்டாள். "தோத்துப்போனவர்தானே?"

"இன்னைக்குத் தோத்தார். நாளைக்கு வர்றவங்களுக்கு அவர் சொன்னதுதான் சரின்னு பட்டா, எங்க போய்த் தேடுவாங்கம்மா?"

தங்களுக்கு எதிரான சாட்சியைத் தாங்களே தலைமுறை தலைமுறையாகக் கட்டிக்காத்த கூட்டம்! இத்தனை நாள் அதைக் குப்பை என்றல்லவா நினைத்திருந்தாள்.

எல்லாவற்றையும் திரும்பச் சேர்த்தாள். அச்சகத்து நாள் தவறியது. அண்ணன் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். இவ்வளவு பேரையும் யார் படிக்கப்போகிறார்கள் என்று கேட்டார். அவர் பக்கமும் நியாயம் இருந்தது. ஆகவே முன்னுரையில் ஒரு வரி சேர்த்தாள்: 'இந்தப் பெயர்கள் வாசகருக்கு வீண் பாரம் என்பது பதிப்பாளர் கருத்து. அது இங்கே ஏற்கப்படவில்லை.'

அண்ணன் அதை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"பதிப்பாளர்னு மொட்டையாப் போட்டா எப்படி? பேரை எழுதும்மா," என்றார்.