கை மட்டும் தெரியும் இணையதளம்

சந்தோஷ்குமாரின் இடது காதில் பாதிதான் மிச்சம். மீதியை அவன் மச்சான் சிவபாலன் எடுத்துக்கொண்டான். கல்யாணத்தைப் பதிவு செய்துவிட்டு வெளியே வந்த மூன்றாவது நிமிடம், பதிவாளர் அலுவலகப் படியில், பட்டப்பகலில் நடந்தது அது. கழுத்துக்கு வைத்த கத்தி, புதுப்பெண் கீர்த்தி அவனைப் பிடித்து இழுத்ததால் காதோடு போயிற்று.

"இன்னிக்குக் காது. எங்க போயி ஒளிஞ்சாலும் தேடிக்கினு வந்து அவ கைய எடுப்பேன். அந்தக் கையாலதான கையெழுத்துப் போட்டா?" என்று கத்திக்கொண்டே போனான் சிவபாலன். போலீஸ் பிடித்தது, ஜாமீனில் விட்டது. அவன் சும்மா உதார் விடுகிற ஆள் இல்லை என்பதற்கு அத்தாட்சி சந்தோஷின் முகத்திலேயே இருந்தது.

அப்படி என்ன குற்றம் செய்துவிட்டார்கள்? கீர்த்தி பிள்ளையார்பாளையத்தில் தலைமுறை தலைமுறையாகப் பட்டு நெய்யும் வீட்டுப் பெண். சந்தோஷ் ஏனாத்தூர்க் காலனிக்காரன், கணினி படித்தவன். இந்த ஊரில் இதற்கு மேல் குற்றம் வேண்டுமா என்ன?

இருவரும் மாகறலுக்குப் போய் ஊர் ஓரத்தில் ஒரு வீடு பிடித்தார்கள். சந்தோஷின் அம்மா செல்லியம்மாளும் கூட வந்துவிட்டாள். கீர்த்தி ஒரு குழித்தறி போட்டாள். தரையில் வெட்டிய குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து நெய்வது அது. இரண்டு வருடம் யார் கண்ணிலும் படாமல் ஓடிற்று. கீர்த்தி கடைத்தெருவுக்குக்கூடப் போவதில்லை. நெய்த புடவையைச் சந்தோஷ் இணையத்தில் விற்றான்.

விற்றான் என்று சொல்லிவிட்டேன், எங்கே விற்றது? காஞ்சிபுரம் பட்டு என்று தேடினால் ஆயிரம் இணையதளம் வந்து விழும். எல்லாவற்றிலும் ஒரே கோபுரம், ஒரே குத்துவிளக்கு, பல்லைக் காட்டும் ஒரே மணப்பெண். இந்தக் கும்பலில் நம் கடை தனியாகத் தெரிய வேண்டுமானால் அது ஒரு ஆளாக இருக்க வேண்டும், கடையாக இருக்கக்கூடாது என்று சந்தோஷ் ராப்பகலாக யோசித்தான். கடைசியில் கீர்த்தியிடம் வந்தான்.

"உன்னப் போடணும், கீர்த்தி. வாங்கறவங்களுக்கு நெய்யறது யாருன்னு தெரியணும்."

"இன்னா வெளயாடுறியா? எங்கண்ணன் போனு பாக்க மாட்டானா?"

பேசிப் பேசி மூன்று நிபந்தனையில் வந்து நின்றாள். முகம் கூடாது. பேர் கூடாது. ஊர் கூடாது. "கை மட்டும் போட்டுக்கோ. கைய வெச்சு எவன் கண்டுபிடிக்கப் போறான்?" என்றாள். நெசவுக்காரன் வீட்டில் பிறந்த பெண் சொல்கிற பேச்சா இது? ஆனால் அவள்தான் சொன்னாள். அவனும் நம்பினான்.

தளத்துக்கு 'இரண்டு கை' என்று பெயர் வைத்தான். திறந்ததும் ஒரு படம் ஓடும். தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்தான் பாவு; பழைய பாவு தீர்ந்து புதுப் பாவு ஏற்றும்போது, பழைய இழையோடு புது இழையை ஒவ்வொன்றாகச் சாம்பல் தொட்டு முறுக்கிப் பிணைக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழை. கீர்த்தியின் விரல்கள் அதைக் கண்மூடித் திறப்பதற்குள் செய்யும். பத்து இழை ஆனதும் சுண்டுவிரலால் கொத்தாக ஒரு சுண்டு சுண்டிவிட்டு, அடுத்த பத்துக்குப் போகும். எல்லா நெசவாளரும் இப்படித்தான் செய்வார்கள் என்று சந்தோஷ் நினைத்துக்கொண்டான்.

தறிக்கு மேலே ஒரு பழைய செல்போனைக் கட்டித் தொங்கவிட்டான். புடவைக்குச் சொன்னவர்கள் பெயரைப் பதிந்தால் போதும், தளம் அவர்களுக்கு மட்டும் ஒரு பக்கம் திறக்கும். 'வணக்கம் திரிஷா, உங்கள் புடவை இன்று பதினேழு அங்குலம் வளர்ந்திருக்கிறது' என்று பேர் சொல்லிக் கூப்பிடும். கீழே தறி நேரலையில் ஓடும். பெண்கள் சொக்கிப் போனார்கள். மூன்றே மாதத்தில் அடுத்த தைக்குப் பிறகுதான் புடவை என்று சொல்லும் நிலை வந்துவிட்டது. சந்தோஷுக்குத் தலை கால் புரியவில்லை.

யார் வருகிறார்கள், எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்பதெல்லாம் அவன் திரையில் தெரியும். அதில் ஒருவர் மட்டும் தினம் பத்துத் தடவை வந்தார். புடவைக்குச் சொல்லவில்லை, விலை கேட்கவில்லை. இழை பிணைக்கும் படத்தையே திரும்பத் திரும்பப் பார்த்தார். பதிந்த பெயர் சுந்தரம். ஊர் காஞ்சிபுரம். பெரிய வியாபாரியாக இருக்கும், வேலைத் திறனை எடைபோடுகிறார் என்று சந்தோஷ் முடிவு கட்டினான். இப்படிப்பட்டவருக்குத் தனியாக ஒரு அழைப்பு அனுப்பினால் மடங்கிவிடுவார் என்பது அவன் தொழிலின் பாலபாடம்.

அனுப்பினான். 'அன்புள்ள சுந்தரம் அவர்களுக்கு, இந்தக் கைகளை இவ்வளவு அன்போடு பார்ப்பவர் நீங்கள் ஒருவர்தான். உங்களுக்காக மட்டும் தறியின் கதவு திறந்திருக்கிறது. நேரில் வாருங்கள்.' கீழே வீட்டுக்கு வழி காட்டும் வரைபடம்.

ஒரே ஒருவருக்குத்தானே என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். கீர்த்தியிடம் காட்டவில்லை. காட்டினால் திட்டுவாள் என்று தெரியும். திட்டட்டுமே, அறையட்டுமே! அந்தப் பேரை அவள் கண்ணில் ஒரு தடவை காட்டியிருக்கக் கூடாதா, படுபாவி!

நான்காம் நாள், புதன்கிழமை காலை பதினோரு மணி. காஞ்சிபுரத்தில் ஆதிகேசவன் என்பவரின் பட்டுக்கடையில் சந்தோஷ் உட்கார்ந்திருந்தான். அவருக்கும் இதே மாதிரி ஒரு தளம் வேண்டுமாம். சுவரில் பெரிய டிவி. அதில் 'இரண்டு கை' பக்கத்தைப் போட்டான்.

"பாருங்கண்ணே, லைவ். இப்ப நடந்துக்கினு இருக்குது."

அரக்கு உடல், கிளிப்பச்சைக் கரை. நடுவில் கீர்த்தியின் கைகள். குறுக்கு நூலைச் சுமக்கும் நாடா, இரும்பு முனை வைத்த மரக்கட்டை, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடிற்று. ஆதிகேசவன் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

புடவை மேல் ஒரு நிழல் விழுந்தது. கைகள் நின்றன.

மூன்றாவதாக ஒரு கை திரைக்குள் வந்தது. மணிக்கட்டில் செப்புக் காப்பு. அது கீர்த்தியின் வலது கையைப் பிடித்துப் பாவின் மேல் வைத்து அழுத்தியது. குழிக்குள் கால் மாட்டிக்கொண்டிருப்பவள் எப்படித் துள்ளி எழுவாள்? கை மட்டும் துடித்தது.

"இன்னாபா இது, விளம்பரமா?" என்றார் ஆதிகேசவன்.

கத்தி இறங்கியது. இழைகள் பட்டென்று அறுந்து இரண்டு பக்கமும் சுருண்டன. அரக்கில் ரத்தம் தெரியவில்லை. கிளிப்பச்சைக் கரையில்தான் தெரிந்தது. கீர்த்தியின் இடது கை நாடாவை எடுத்தது. இரும்பு முனை வெளியே நிற்கும்படி இறுக்கிப் பிடித்து, திரைக்கு மேலே போயிற்று. ஒரு ஆண் குரல் அலறியது. மறுபடியும் கத்தி இறங்கியது. மறுபடியும் நாடா மேலே போயிற்று. செல்போன் கயிறு அறுந்து விழுந்து, டிவி முழுக்க வெறும் ஓட்டுக்கூரை தெரிந்தது. சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.

சந்தோஷ் எப்போது வண்டியை எடுத்தான், எப்படிப் பாலாற்றுப் பாலத்தைத் தாண்டினான், அவனுக்கே தெரியாது. ஒரு கையால் வண்டியை ஓட்டிக்கொண்டு மறு கையால் அம்மாவுக்குப் போன் போட்டான். செல்லியம்மாள் வாய்க்காலில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நான்காவது தடவை எடுத்தாள்.

"அம்மா, தறிக்கு ஓடு! அவன் வந்துட்டான், ஓடும்மா!"

எவன் என்று அவள் கேட்கவில்லை. மகன் காதைத் தினம் பார்க்கிறவளுக்குக் கேட்கவா வேண்டும்? வரப்பில் யாரோ வைத்துவிட்டுப் போன மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். வாசலைத் தாண்டி உள்ளே பாய்ந்தாள். ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு மறுபடியும் கத்தியை ஓங்கி நின்றவனின் முழங்காலில் மண்வெட்டியின் பின்பக்கத்தால் போட்டாள். எலும்பு முறிந்த சத்தம் பக்கத்துக் கொல்லை வரைக்கும் கேட்டதாம். விழுந்தவனை மறுபடியும் போட்டாள். ஊர் ஆட்கள் வந்து பிடிக்காவிட்டால் அன்றைக்கே அவனை முடித்திருப்பாள்.

சந்தோஷ் வந்தபோது சிவபாலனை வேப்பமரத்தில் கட்டிப் போட்டிருந்தார்கள். சந்தோஷ் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கீர்த்தியைக் குழியிலிருந்து தூக்கினான். அவள் கையைச் சுற்றியிருந்தது அறுத்தெடுத்த புடவை. திரிஷா என்ற பெண்ணின் கல்யாணப் புடவை.

அரசு மருத்துவமனையில் சாயங்காலம் வரை தையல் போட்டார்கள். உயிருக்கு ஆபத்து இல்லை என்றார் டாக்டர். வலது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மிஞ்சின. மற்ற மூன்றும் போனது போனதுதான். சிவபாலனை அதே கட்டடத்தின் இன்னொரு பக்கம், போலீஸ் காவலில், ஒரு கண் இல்லாமல் படுக்க வைத்திருந்தார்கள்.

நடைபாதையின் கோடியில் ஒரு பெரியவர் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். சந்தோஷ் அவரைப் பார்த்தது ஒரே ஒரு தடவைதான், பெண் கேட்கப் போன அன்று. கலியாணசுந்தரம். கீர்த்தியின் அப்பா. வீட்டிலும் தெருவிலும் எல்லோரும் கலியாணம் என்றுதான் கூப்பிடுவார்கள். கீர்த்தியும் கோபம் வந்தால் 'நான் கலியாணம் பெத்த பொண்ணுடா' என்பாள்.

அந்த ஆளைக் கண்டதும் சந்தோஷுக்குள் காலையிலிருந்து அடைத்துக் கிடந்ததெல்லாம் கிளம்பியது. ஓடிப் போய்ச் சட்டையைப் பிடித்துச் சுவரில் மோதினான். வாயிலேயே குத்தினான். பல் ஒன்று உடைந்து தெறித்தது. அவர் கையைத் தூக்கவே இல்லை.

"அனுப்பி வெச்சிட்டுப் பாக்க வந்தியா? செத்தாளா இல்லியான்னு?"

"நான் அனுப்பலப்பா." ரத்தத்தோடு வந்தது பேச்சு. "பையன் என் போன எடுத்துப் பாத்துட்டான்."

"அவதான்னு எப்படித் தெரிஞ்சுது? முகம் இல்ல, பேரு இல்ல!"

"பத்து இழைக்கு ஒரு சுண்டு." பெரியவர் தன் சுண்டுவிரலைக் காற்றில் சுண்டிக் காட்டினார். "எங்க வூட்ல மட்டுந்தான் அது இருக்குது. நான் சொல்லிக் குடுத்த கை, எனக்குத் தெரியாதா? ரெண்டு வருசமா உசுரோட இருக்குதா இல்லியான்னே தெரியாம இருந்தேன். அன்னிக்குப் போன்ல பாத்ததுலேந்து தெனம் பாத்துக்கினே இருந்தேன். யாருகிட்டயும் சொல்லல."

சந்தோஷின் பிடி தளரவில்லை. "வழி? வூட்டுக்கு வழி எவன் சொன்னான் உன் புள்ளைக்கு?"

கலியாணசுந்தரம் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். கண்ணாடியில் கீறல். எதையோ திறந்து நீட்டினார். தன் எழுத்தையே சந்தோஷ் படித்தான். அன்புள்ள சுந்தரம் அவர்களுக்கு.

"நீதானப்பா வான்னு எழுதியிருந்த," என்றார் பெரியவர். குற்றம் சொல்லும் குரலில் இல்லை. "வெள்ளிக்கிழமை வரலாம்னு இருந்தேன்."

சட்டையிலிருந்து அவன் கை தானாகக் கழன்று விழுந்தது. உள்ளேயிருந்து நர்ஸ் வந்து, பேஷண்ட் கண் விழித்துவிட்டது, புருஷன் மட்டும் வரலாம் என்றாள்.

கீர்த்தி வெளிறிக் கிடந்தாள். கட்டுப் போட்ட கையைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெளில எங்கப்பா கொரலு கேட்டுது," என்றாள். "அண்ணனுக்கு வழி சொன்னது அவருதானா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். வெளியே நிற்கும் மனுஷன் அதை மறுக்கப் போவதில்லை. பல்லை உடைத்தபோதே மறுக்காதவர். காலம் முழுக்க அந்தப் பழியைச் சுமந்துகொண்டு போய்விடுவார். இவள் இவனோடு இருப்பாள். சந்தோஷின் நாக்கு நுனி வரைக்கும் அது வந்தது.

"நான்," என்றான். "நான்தான் அனுப்புனேன். அவருதான்னு தெரியாது. பெரிய வியாபாரின்னு நெனச்சு, லொகேஷனோட அனுப்புனேன். உன்கிட்ட சொல்லாம."

கீர்த்தி கூரையிலிருந்து கண்ணை எடுத்து அவனைப் பார்த்தாள். அழவில்லை, கத்தவில்லை. கத்தினால் தேவலை என்று இருந்தது அவனுக்கு.

"எத்தினி வெரலு இருக்குது?"

"ரெண்டு."

வெளியே பெரியவர் இருமுவது கேட்டது.

"எங்கப்பன உள்ள வரச் சொல்லு," என்றாள். "நீ வெளில இரு."

அவன் போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டான். பெரியவர் வாயைத் துண்டால் துடைத்துக்கொண்டு அவனைத் தாண்டி உள்ளே போனார்.